ஹைபிரிட் காரை முன்கூட்டியே சூடாக்கினால் குளிர்காலத்தில் பெற்றோல் மிஞ்சுமா?

மார்க்கம் மணி (மார்க்கம், கனடா), ஜனவரி 9

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2012 டொயோட்டா பிரியஸ், பெற்றோல் இஞ்சினும் பற்றரியில் ஓடும் மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட் கார். கோடையில் 100 கிலோமீற்றருக்கு 4.9 லீற்றர் என்று காட்டிய வண்டி இப்போது 7.4 இல் வந்து நிற்கிறது. ஏதோ பழுதோ என்று பயந்து கராஜில் காட்டினேன். "பழுதுமில்லை ஒன்றுமில்லை, குளிர் அண்ணை" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். நான் ஹைபிரிட் வாங்கியதே பெற்றோல் காசு மிஞ்சும் என்றுதான். வருசத்தில் நாலு மாதம் இப்படியென்றால் என்ன செய்ய?

என் ஓட்டம் பெரிதில்லை. காலையில் மகளைப் பள்ளியில் இறக்க 3 கி.மீ., அங்கிருந்து கோ (GO) புறநகர் ரயில் நிலையத்துக்கு 4 கி.மீ. நாள் முழுக்க வண்டி வெளியில் விறைத்துக் கிடக்கும். மாலையில் அதே வழியால் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் றிமோட் ஸ்ராட் பூட்டி, புறப்பட முன் பத்து நிமிசம் ஓடவிடு என்கிறார். மச்சான் பிளாக் ஹீற்றர் பூட்டு என்கிறான். யார் சொல்வதைக் கேட்க?


வின்னிபெக் வாசி (வின்னிபெக், கனடா), ஜனவரி 9

மச்சான் சொல்வதைக் கேளுங்கள். நின்ற இடத்தில் பத்து நிமிசம் ஓடினால் பெற்றோல் போகும், கிலோமீற்றர் ஏறாது. உங்கள் 7.4 இன்னும் மேலே போகும். அதோடு சும்மா நிற்கும் இஞ்சின் மெதுவாகத்தான் சூடாகும். இரண்டு நிமிசம் நிதானமாக ஓட்டினால் அதைவிடச் சீக்கிரம் சூடு வரும். ரொறொன்ரோ நகரத்துக்குள் என்றால் 1 நிமிசத்துக்கு மேல் அப்படி ஓடவிடவே சட்டம் இடம் தராது.

ஏன் ஹைபிரிட்டுக்கு இவ்வளவு அடி என்று கனபேர் கேட்பதால் சொல்கிறேன். இந்த வண்டி பெற்றோலை மிச்சம் பிடிப்பதே இஞ்சினை அடிக்கடி அணைத்துவைத்துத்தான். சிக்னலில் அணையும், இறக்கத்தில் அணையும், மெதுவாக ஊரும்போது அணையும். ஆனால் கூலன்ட், அதாவது இஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் தண்ணீர், 40 பாகை வரும்வரை பிரியஸ் இஞ்சினை அணைக்காது. அது வந்த பிறகும், நீங்கள் உள்ளே 23 பாகை வேண்டும் என்று ஹீற்றரைத் திருகி வைத்திருந்தால், அந்தச் சூட்டுக்காகவே இஞ்சின் ஓடும். பற்றரி நிறைந்திருக்கும், வண்டி சிக்னலில் நிற்கும், இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. வெளியில் 25 பாகையாக இருப்பது -7 க்கு இறங்கினால், சாதாரணப் பெற்றோல் கார் நகர ஓட்டத்தில், ஒரு லீற்றருக்கு ஓடும் தூரத்தில் 15 வீதம் இழக்கும். ஹைபிரிட் 30 முதல் 34 வீதம் வரை இழக்கும். உங்களுக்கு அதைவிடக் கூட, ஏனென்றால் 7 கி.மீ. ஓட்டத்தில் இஞ்சின் சூடாகி முடிய ரயில் நிலையம் வந்துவிடும்.


மார்க்கம் மணி, ஜனவரி 10

அந்த உறுமல்! சரியாகச் சொன்னீர்கள். பள்ளி வாசலில் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு நாளும் அதுதான். பிளாக் ஹீற்றர் என்றால் உண்மையில் என்ன? இஞ்சினுக்குள் தண்ணீர் கொதிக்கவைக்கும் கம்பி மாதிரியா?


வின்னிபெக் வாசி, ஜனவரி 10

பல வண்டிகளில் அப்படித்தான், கூலன்டுக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். பிரியஸில் வேறு மாதிரி. இஞ்சின் பிளாக்கில் ஒரு குழி இருக்கும். அதற்குள் விரல் தடிப்பில் ஒரு காய்ச்சல் கம்பி போகும். 400 வாற். கூலன்டைத் தொடவே தொடாது, உலோகத்தைச் சூடாக்கும். வயர் முன் கிரில்லால் வெளியே வரும், சாதாரண வீட்டுப் பிளக்.

எங்கள் ஊரில் வண்டிகளின் முகத்தில் பிளக் தொங்குவதைப் பார்த்து, புதிதாக வந்தவர்கள் எல்லாம் மின்சாரக் கார் என்று நினைப்பார்கள். வேலைத்தலத்து வாகனத் தரிப்பிடத்திலும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சொக்கற் உண்டு. சில இடங்களில் அரை மணி மின்சாரம் வரும், அரை மணி நிற்கும், அதுவே போதும்.

ஒரு கதை. இந்தச் சாமானுக்கு 1949 இல் காப்புரிமை எடுத்தவர் ஆண்ட்ரூ ஃப்ரீமன். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ்காரர், எங்களுக்குத் தெற்கே இரண்டரை மணி நேர ஓட்டம். முதலாவதைச் செய்தது பழைய செப்புக் குழாயையும், உடைந்த இஸ்திரிப்பெட்டியின் காய்ச்சல் கம்பியையும் வைத்து. குளிர் மனிதனுக்கு என்னவெல்லாம் கற்றுக்கொடுக்கிறது பாருங்கள்.


கணக்குப்பிள்ளை (மினியாபோலிஸ், அமெரிக்கா), ஜனவரி 10

கதை நன்றாக இருக்கிறது. காசு என்று வந்துவிட்டதால் நான் குறுக்கே வருகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

400 வாட், 2 மணி நேரம். அதாவது 0.8 யூனிட் மின்சாரம், 2,880 கிலோஜூல். இன்ஜின், கூலன்ட், எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு டிகிரி ஏறச் சுமார் 100 கிலோஜூல் என்று வைத்துக்கொள்கிறேன். காற்றில் போவது ஒன்றுமில்லை என்றால் 29 டிகிரி ஏறும். கொஞ்சம் போகத்தானே செய்யும், 22 டிகிரி என்று வைப்போம். வெளியில் -12 என்றால் இன்ஜின் +10 இல் இருக்கும். 40 ஐத் தொட 52 டிகிரி ஏற வேண்டியது, இப்போது 30 ஏறினால் போதும். இதுவரை நல்ல சேதி.

இந்த 22 டிகிரிக்குப் பெட்ரோல் எவ்வளவு? இன்ஜினில் எரியும் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்குதான் கூலன்டுக்குப் போகிறது. ஒரு லிட்டரில் சுமார் 32,000 கிலோஜூல். கணக்குப் போட்டால் 0.2 லிட்டர். ஆனால் அந்த 0.2 முழுக்க வீண் இல்லை, அதே பெட்ரோல்தான் வண்டியையும் தள்ளுகிறது, பேட்டரியையும் ஏற்றுகிறது. ஆக நிஜமாக மிஞ்சுவது 0.1, மிஞ்சிப்போனால் 0.15 லிட்டர். லிட்டர் ஒன்றரை டாலர் என்று போட்டால் 15 முதல் 22 காசு. மின்சாரத்துக்கு 8 காசு கழியுங்கள். ஒரு காலைக்குப் பத்துக் காசு லாபம்.

கடும் குளிர்க் காலைகள் வருடத்துக்கு 90 என்றால் 9 டாலர். ஹீட்டரும் கூலியும் சேர்த்து 250 ஆகும். 28 வருடத்தில் போட்ட காசு கைக்கு வரும். 2012 பிரியஸ் அதுவரை ஓடுமா என்பதை மணி அண்ணாதான் சொல்ல வேண்டும்.


ஒஸ்லோ சுபா (ஒஸ்லோ, நோர்வே), ஜனவரி 11

கணக்குப்பிள்ளைத் தம்பி, உங்கள் கணக்கில் முன் கண்ணாடியைச் சுரண்டுகிற ஆள் இல்லை!

நாங்கள் 2015 யாரிஸ் ஹைபிரிட் வைத்திருக்கிறோம். இங்கே பிளாக் ஹீற்றரோடு கூட, இருக்கைக்குக் கீழே சின்னதாக ஒரு காற்று ஹீற்றரும் பூட்டுவார்கள். டெஃபா என்ற நோர்வே நிறுவனமும் சுவீடனின் காலிக்ஸும் செய்வது இந்தச் சோடியைத்தான். ஒரே வயர், ஒரே ரைமர். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் கண்ணாடியில் உறைபனி இல்லை, ஸ்ரியறிங் கையைக் கடிக்காது. முக்கியமான விசயம் என்னவென்றால், வண்டிக்குள் ஏற்கெனவே சூடு இருப்பதால் நான் ஹீற்றரைக் கூட்டி வைக்கத் தேவையில்லை. ஹீற்றர் சூடு கேட்காவிட்டால் இஞ்சின் அணைய முடியும். வின்னிபெக் வாசி சொன்ன இரண்டாவது காரணத்துக்கு மருந்து இதுதான். அதை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு: பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம், -10 என்றால் இரண்டு, -20 என்றால் மூன்று. இரவு முழுக்கக் குத்தி வைப்பது சும்மா காசு. ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே போகும் சூடும் வெளியே போகும் சூடும் சமமாகிவிடும். ரைமர் இல்லாமல் இதைப் பூட்டாதீர்கள்.

(இங்கே புதிதாக விற்பவற்றில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். என் மகன் என் வயரைப் பார்த்து, "அம்மா, அரும்பொருட்காட்சி" என்கிறான். இருக்கட்டும்.)


கணக்குப்பிள்ளை, ஜனவரி 11

சுபா அக்கா, ஒத்துக்கொள்கிறேன். உள் ஹீட்டரை நான் கணக்கில் எடுக்கவில்லை. கனடாவின் இயற்கை வளத் துறை சொல்வதையும் நேர்மையாகச் சேர்த்துவிடுகிறேன்: -20 இல் பிளாக் ஹீட்டர் மொத்தப் பெட்ரோல் செலவை 10 சதவீதம் வரை குறைக்கலாம், -25 இல் ஒற்றைக் குறும்பயணம் என்றால் 25 சதவீதம் பக்கம். அவர்களும் இரண்டு மணி நேரம் போதும், டைமர் வையுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மார்க்கத்தில் -25 வருடத்துக்கு எத்தனை நாள்?


வின்னிபெக் வாசி, ஜனவரி 11

மார்க்கத்தில் இரண்டு நாள். எனக்கு இரண்டு மாதம். :)

அந்தப் பத்துக் காசு லாபத்துக்காக நான் இதைச் செய்வதில்லை. -30 இல் எண்ணெய் தேன் மாதிரி ஊர்ந்து போகும்போது இஞ்சின் முதல் நிமிசத்தில் தேய்வது கண்ணுக்குத் தெரியாது, பில்லிலும் வராது.


பழைய பிரியஸ் (ஸ்காபரோ, கனடா), ஜனவரி 12

தம்பிமார், நான் 2006 பிரியஸில் டாக்ஸி ஓட்டியவன். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். இந்த முன்சூடு வேலையை டொயோட்டாவே செய்து பார்த்தது.

2004 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் விற்ற பிரியஸில் ஒரு பெரிய தெர்மோஸ் போத்தல் உண்டு. வண்டியை நிறுத்தும்போது சுடுகூலன்ட் 3 லீற்றரை அதற்குள் இழுத்துவைக்கும். மூன்று நாள் வரை சூடு ஆறாது. அடுத்த முறை புறப்படும்போது, இஞ்சின் ஓட முன்னமே அந்தச் சுடுதண்ணீரை இஞ்சின் தலைப்பக்கம் தள்ளும். காலையில் வண்டிக்குப் பக்கத்தில் போனால் "ங்ங்ங்" என்று பம்ப் சத்தம் கேட்கும். கனபேர் பேய் என்று பயந்திருக்கிறார்கள். பெற்றோலை விட, குளிர் இஞ்சின் கக்கும் புகையைக் குறைக்கத்தான் அதை வைத்தார்கள். அதில் ஒரு மூவழி வால்வு இருந்தது, அது பழுதாகி விளக்கு எரிந்து எங்களைக் கொன்றது வேறு கதை.

2010 மாடலில் போத்தலை எடுத்துவிட்டு, புகைக்குழாயில் வீணாகப் போகிற சூட்டைக் கூலன்டுக்குக் கொடுக்கிற வேலையைச் சேர்த்தார்கள். மணி தம்பியிடம் இருப்பது அது. அதனால் அவருடையது என்னுடையதைவிடச் சீக்கிரம் சூடாகும்.

டாக்ஸிக்கு இந்தக் கரைச்சல் எதுவும் இல்லை. பகல் முழுக்க ஓடும், இஞ்சின் ஆறவே ஆறாது. -15 இலும் நான் 6 லீற்றருக்கு மேல் பார்த்ததில்லை. குளிர் பெற்றோலைத் தின்பது ஒவ்வொரு முதல் ஐந்து கிலோமீற்றரிலும்தான். தம்பியின் ஓட்டம் முழுக்கவே முதல் ஐந்து கிலோமீற்றர்.


மார்க்கம் மணி, ஜனவரி 20

சரி, பூட்டிவிட்டேன். கணக்குப்பிள்ளை திட்ட வேண்டாம். மனைவிக்கு ஒஸ்லோ அக்காவின் கடிதம் பிடித்துவிட்டது.

ஆனால் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்து நாளாகக் காலை நாலரைக்கு ரைமர் போடுகிறது, ஏழு மணிக்குப் போனால் இஞ்சின் பச்சைத் தண்ணீர். பூட்டிய இடத்தில் கேட்டால், "உங்கள் ரைமரைப் பாருங்கள்" என்கிறார்கள். ரைமரில் ஒரு மேசை விளக்கைக் குத்திப் பார்த்தேன், எரிகிறது.


வின்னிபெக் வாசி, ஜனவரி 20

மல்டிமீற்றர் இருக்கிறதா? பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் இரண்டு தட்டைக் கால்களுக்கும் இடையில் ஓம் (மின்தடை) பாருங்கள். 120 வோல்டில் 400 வாற் என்றால் 36 ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது.


மார்க்கம் மணி, ஜனவரி 21

ஒன்றுமே காட்டவில்லை. வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கம்பியை இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அடிப்பக்கம் வெள்ளி, நடுவில் ஒரு விரற்கடை அளவு நீலமும் கறுப்புமாகக் கருகியிருந்தது. துடைத்தால் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "கிறீஸ் பூசாமலே செருகியிருக்கிறார்கள்" என்றார். குழிக்கும் கம்பிக்கும் நடுவே காற்று நின்றதால் சூடு பிளாக்குக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கி, அதுவே தன்னை எரித்துக்கொண்டதாம். பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டிக் குழாயில் சூடு கடத்தும் கிறீஸ் வரும், அதைத் திறக்கக்கூட இல்லை. என் கண் முன்னாலேயே புதுக் கம்பிக்கு வெண்ணெய் தடவுவது மாதிரி வடிவாகத் தடவிச் செருகினார். இப்போது 36.4 ஓம்.

முதல் இடத்தில் கொடுத்த கூலி போனது போனதுதான்.


செருகி ஓட்டுபவர் (ஒட்டாவா, கனடா), ஜனவரி 22

என்னிடம் 2018 பிரியஸ் பிரைம். செருகி ஏற்றுகிற ஹைபிரிட், வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே இழுக்கிற ஹீட் பம்ப் இருக்கிறது. புறப்படுவதற்கு முன்பே வீட்டு மின்சாரத்தில் உள்ளே சூடாக்கிக்கொள்ளலாம். ஆனால் -10 க்குக் கீழே போனால் ஹீட் பம்ப் கைவிட்டுவிடும், பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் ஹீட்டர் போட்டதும் இன்ஜின் எழுந்துவிடும். ஒட்டாவா ஜனவரியில் பாதி நாள் அப்படித்தான். ஆகவே பிளக்-இன் வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. மூடிய கராஜுக்குள் எந்த ஹைபிரிட்டையும் "ஆன்" நிலையில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். சத்தம் இல்லாததால் அணைந்துவிட்டது என்று நினைப்போம். பேட்டரி இறங்கியதும் இன்ஜின் தானாக ஓடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது. சாவி சட்டைப்பையில் இருக்க, வண்டியை அணைக்க மறந்து வீட்டோடு இறந்தவர்கள் உண்டு. கராஜ் ஒட்டிய வீடு என்றால் அலாரம் கட்டாயம் வையுங்கள்.


மார்க்கம் மணி, பெப்ரவரி 11

மூன்று கிழமை முடிந்தது. வண்டிக் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றும் ஹைபிரிட் அசிஸ்டன்ட் செயலியும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வெளியில் -11. இரண்டரை மணித்தியாலம் குத்தியிருந்தேன். புறப்படும்போது கூலன்ட் +14. பள்ளி வாசலில் இஞ்சின் அணைந்தது! முன்பெல்லாம் ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தான் அணையும்.

இதோடு ரயர் காற்றும் பார்த்தேன். 35 இருக்க வேண்டிய இடத்தில் 28 இருந்தது. குளிர் இறங்க இறங்கக் காற்றும் இறங்கும் என்று தெரியும், பார்க்கத்தான் பஞ்சி. கிரில்லின் கீழ் இடுக்குகளில் தண்ணீர்க் குழாய்க்குப் போர்த்துகிற கறுப்பு நுரையை வெட்டிச் செருகியிருக்கிறேன். வெளியில் 10 பாகைக்கு மேல் போனால் கழற்ற வேண்டும் என்று கண்ணாடியில் தாள் ஒட்டியிருக்கிறேன். ஹீற்றர் 23 இலிருந்து 19, ஈகோ மோட். 7.4 இப்போது 6.5.


கணக்குப்பிள்ளை, பெப்ரவரி 11

அண்ணா, நாலு மருந்தை ஒன்றாகக் குடித்துவிட்டு எது குணமாக்கியது என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ஒரு வாரம் ஹீட்டரை மட்டும் செருகாமல் ஓட்டிப் பாருங்கள்.


மார்க்கம் மணி, பெப்ரவரி 19

பார்த்தேன். 6.9. குளிரும் கிட்டத்தட்ட அதே குளிர்தான். அப்படியென்றால் 7.4 இலிருந்து 6.9 க்கு இறக்கியது காற்றும் நுரையும் ஹீற்றர் குமிழும், மிச்சம் 0.4 தான் பிளாக் ஹீற்றர். காசே செலவில்லாத வேலைகள்தான் அதிகம் மிச்சம் பிடித்திருக்கின்றன. நீங்கள் வென்றீர்கள்.

ஆனால் அந்த ஒரு கிழமை மகள் பள்ளி வரை கையை விரித்து ஹீற்றர் துளையில் வைத்துக்கொண்டு, "அப்பா, எப்ப வரும்?" என்று கேட்டபடி வந்தாள். திரும்பக் குத்திவிட்டேன்.


பழைய பிரியஸ், பெப்ரவரி 19

தம்பி, சனிக்கிழமைகளில் கோயில், கடை, தையல்காரர் என்று போகிறபோது தூரமான இடத்துக்கு முதலில் போங்கள். இஞ்சின் நன்றாகச் சூடேறிவிடும், பிறகு கிட்டக் கிட்ட நிறுத்தி எடுத்தாலும் ஆறாது. கிட்டக் கடையில் தொடங்கினால் ஒவ்வொரு தரமும் பாதிச் சூட்டில் நிறுத்துவீர்கள். இதற்கு வயரும் வேண்டாம்.


மார்க்கம் மணி, பெப்ரவரி 20

நன்றி அண்ணை. கடைசியாக ஒரு கேள்வி, வெட்கத்தோடு. இன்று காலை வயரைக் கழற்றாமலே வண்டியை எடுத்துவிட்டேன். வெளிச்சுவர் சொக்கற் மூடி தொங்குகிறது. இதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?


ஒஸ்லோ சுபா, பெப்ரவரி 20

எங்களது பம்பரிலேயே பிளக். இழுத்தால் கழன்றுவிடும். ஆனாலும் என் கணவர் இரண்டு தரம் பக்கத்து வீடு வரை வயரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.


வின்னிபெக் வாசி, பெப்ரவரி 20

கார்ச் சாவியைச் சொக்கற்றுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். ஆனால் கராஜுக்கு உள்ளே. வெளியில் என்றால் சாவியும் இராது, காரும் இராது. வெளிவயரென்றால் 14 கேஜ் தடிப்பு, வெளிப்பாவனைக்கு என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். உள்வீட்டு மெல்லிய வயர் -20 இல் முறுக்கு மாதிரி உடையும்.